எச்.ஐ.வி மாத்திரை தொடங்கியதும் சிலருக்கு உடம்பு மோசமாவது ஏன்? சிடி4 எப்போது ஏறும்? முழு விளக்கம்

எச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். அதுவரை இல்லாத காய்ச்சல் திடீரென வரும். கழுத்தில் நெறி கட்டும். மாத்திரை போடுவதற்கு முன்னாடியே பரவாயில்லை என்று தோன்றும். "இந்த மருந்து நமக்கு ஒத்துக்கல போல" என்று சிலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் அந்த நாட்களில் உடம்புக்குள் நடப்பது பல சமயம் இதற்கு நேர் எதிரானது. படுத்துக்கிடந்த நோய் எதிர்ப்பு சக்தி எழுந்து உட்கார்கிறது. எழுந்ததும் எதிரியைப் பார்த்துவிட்டது. அந்தச் சண்டையின் சூடுதான் காய்ச்சல்.

இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, மாத்திரை போட்ட பிறகு ரத்தத்தில் எது வேகமாக மாறும், எது மெதுவாக மாறும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிடி4 என்பது என்ன?

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை சிடி4 அணுக்கள். இவை கிருமியை நேரடியாகக் கொல்லும் சிப்பாய்கள் அல்ல. போலீஸ் கட்டுப்பாட்டு அறை மாதிரி. எங்கே ஆபத்து, யாரை அனுப்புவது, எப்போது திரும்பி வரச் சொல்வது என்று மற்ற அணுக்களுக்குத் தகவல் சொல்லும் வேலை இவற்றுடையது. எச்.ஐ.வி குறிவைப்பது இந்தக் கட்டுப்பாட்டு அறையைத்தான்.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500 முதல் 1,500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி தொற்றில் இது வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். 200-க்குக் கீழே போனால் 'முற்றிய நிலை' என்கிறார்கள். சாதாரண உடம்பு கண்டுகொள்ளாத கிருமிகள்கூட அப்போது ஆளைச் சாய்க்கும்: காசநோய், ஒருவகை நிமோனியா, பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல், வாயில் வெள்ளை படிவது என்று வரிசையாக வரும்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணும் இருக்கும். அது வைரல் லோடு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. சுருக்கமாகச் சொன்னால், வைரல் லோடு எதிரியின் பலம், சிடி4 நம் பக்கத்தின் பலம். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் மாறாது. பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் இதுதான்.

வைரஸ் வாரங்களில் குறையும், சிடி4 வருடங்களில் ஏறும்

சிகிச்சை இல்லாத ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்கு சுமார் ஆயிரம் கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன என்று 1990-களின் நடுவில் நடந்த ஆய்வுகள் கணக்கிட்டன. அந்த உற்பத்தியை நிறுத்துவதுதான் மாத்திரையின் வேலை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் வைரஸுக்கு ஆயுள் மிகக் குறைவு. உற்பத்தி நின்றதும் எண்ணிக்கை சடசடவென்று விழும்.

இன்று இந்தியாவில் அரசு மையங்களில் பெரும்பாலானோருக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. தினமும் ஒன்று. டோலுடெக்ராவிர் அடங்கிய சிகிச்சையில் பலருக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் வைரல் லோடு 50-க்குக் கீழே இறங்கிவிடுகிறது.

சிடி4 அப்படி இல்லை. மருந்தை ஒழுங்காக எடுப்பவருக்கு முதல் வருடத்தில் சராசரியாக 50 முதல் 150 வரை ஏறினால் நல்ல முன்னேற்றம் என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு வருடத்துக்கு 50 முதல் 100 வரை. பிறகு ஒரு கட்டத்தில் நிலைத்துவிடும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சிடி4 400 இருக்கும்போது சிகிச்சை தொடங்கியவர் ஓரிரு வருடத்தில் 500-ஐத் தாண்டிவிடலாம். 80-ல் தொடங்கியவர் 200-ஐத் தொடவே ஒரு வருடம் ஆகலாம். 350-க்கு வர மூன்று, நான்கு வருடம்கூட ஆகும். இரண்டு பேரும் போடுவது அதே மாத்திரைதான். வித்தியாசம், எங்கே இருந்து கிளம்பினார்கள் என்பதில்.

முதல் ஏற்றத்தில் வருவது புது அணுக்கள் அல்ல

இதிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. முதல் இரண்டு, மூன்று மாதங்களில் சிடி4 கொஞ்சம் வேகமாகவே ஏறும். அதைப் பார்த்து உடம்பு புது அணுக்களை உற்பத்தி செய்துவிட்டது என்று நினைத்தால் அது பாதிதான் சரி.

பந்த் அன்று பஸ்கள் எல்லாம் டிப்போவில் நிற்கும். மறுநாள் காலை ரோட்டில் பஸ்கள் நிறைந்திருக்கும். யாரும் ராத்திரியோடு ராத்திரியாகப் புது பஸ் வாங்கவில்லை. நின்றவை கிளம்பின, அவ்வளவுதான்.

எச்.ஐ.வி தொற்று இருக்கும்போது உடம்பு முழுக்க அழற்சி இருக்கும். சிடி4 அணுக்களில் ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களில், அதாவது நாம் நெறி கட்டுவதாகச் சொல்லும் இடங்களில், சிக்கிக்கொண்டிருக்கும். மருந்து வைரஸை அடக்கி அழற்சி குறைந்ததும் அவை ரத்தத்துக்குத் திரும்புகின்றன. ஆரம்ப ஏற்றத்தில் பெரும்பங்கு இதுதான்.

இப்படித் திரும்புகிறவற்றில் பெரும்பாலானவை 'நினைவு அணுக்கள்'. முன்பு சந்தித்த கிருமிகளை அடையாளம் தெரிந்தவை. புதுக் கிருமியை எதிர்கொள்ளக்கூடிய, இன்னும் எதையும் சந்திக்காத இளம் அணுக்கள் வேறு. அவை தயாராவது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். அந்தச் சுரப்பி குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கும். 25 வயதில் சிகிச்சை தொடங்கியவருக்கும் 55 வயதில் தொடங்கியவருக்கும் ஏற்றத்தில் வேறுபாடு வருவதற்கு இது முக்கியக் காரணம். குழந்தைகள் பல சமயம் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுவதும் இதனால்தான்.

ரத்தப் பரிசோதனையில் தெரியாத ஒரு இடமும் இருக்கிறது: குடல். உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பங்கு குடல் சுவரில்தான் உள்ளது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி அங்கே பெரும் சேதம் செய்துவிடுகிறது. குடல் சுவர் பலவீனமானால் அங்குள்ள பாக்டீரியாக்களின் கூறுகள் ரத்தத்தில் கசியும். எதிர்ப்பு மண்டலம் ஓய்வில்லாமல் முறைத்துக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் சிடி4 நன்றாக ஏறிய பிறகும் குடல் முழுமையாகப் பழைய நிலைக்கு வராமல் போகலாம். எச்.ஐ.வி உள்ளோருக்கு இதய நோய் போன்றவற்றின் ஆபத்து கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கு இந்த நீடித்த அழற்சியும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனால் சிகிச்சையில் இருப்பவர்கள் பி.பி, சுகர், கொலஸ்ட்ரால் பார்ப்பதும் புகையை விடுவதும் எச்.ஐ.வி சிகிச்சைக்கு வெளியே உள்ள விஷயங்கள் அல்ல.

'ஐரிஸ்' என்றால் என்ன?

இப்போது அந்த மூன்றாவது வாரக் காய்ச்சலுக்கு வருவோம்.

சிடி4 50-ஓ 80-ஓ இருக்கும் ஒருவரின் உடம்பில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையே காலியாக இருப்பதால் யாரும் அதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் அழற்சியும் குறைவு. பெரிய காய்ச்சல் இருக்காது. எக்ஸ்ரேகூட ஓரளவு சாதாரணமாகத் தெரியலாம். நோய் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது.

எச்.ஐ.வி மாத்திரை தொடங்கியதும் நினைவு அணுக்கள் திரும்புகின்றன. அவற்றுக்குக் காசநோய்க் கிருமி பழைய எதிரி. கண்டதும் தாக்குகின்றன. அதுவும் அளவில்லாமல். தாக்குதலை மட்டுப்படுத்தும் அணுக்கள் இன்னும் சரியாகத் தயாராகாத நேரம் அது. விளைவு: காய்ச்சல், பெரிதாக வீங்கும் நெறிகள், அதிகமாகும் இருமல், சிலருக்கு நெஞ்சில் நீர் கோப்பது. இதைத்தான் ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஐரிஸ்' என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி மீளும்போது வரும் அழற்சி என்று பொருள்.

இது இரண்டு விதமாக வரும். ஏற்கெனவே காசநோய் கண்டுபிடித்து மருந்து எடுத்து, கொஞ்சம் தேறி வந்தவருக்கு எச்.ஐ.வி மாத்திரை தொடங்கியதும் அறிகுறிகள் திரும்பவும் கூடுவது ஒன்று. யாருக்கும் தெரியாமல் இருந்த நோய் முதல்முறையாக வெளியே தெரிவது இன்னொன்று. காசநோயில் மட்டுமல்ல, பூஞ்சை மூளைக்காய்ச்சல், கண்ணைத் தாக்கும் ஒருவகை வைரஸ், அக்கி ஆகியவற்றிலும் இது நடக்கும்.

பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வரும். யாருக்கு அதிக வாய்ப்பு? சிடி4 100-க்குக் கீழே, அதிலும் 50-க்குக் கீழே இருப்பவர்களுக்கு. வைரல் லோடு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு. காசநோய் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே எச்.ஐ.வி மாத்திரையும் தொடங்கியவர்களுக்கு. காசநோயோடு எச்.ஐ.வி சிகிச்சை தொடங்குபவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இது வருவதாகத் தொகுப்பு ஆய்வுகள் கூறுகின்றன. சிடி4 400, 500 என்று இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம்.

பயமுறுத்தும் பெயராக இருந்தாலும் பெரும்பாலானோர் இதைக் கடந்துவிடுகிறார்கள். லேசாக இருந்தால் காய்ச்சல், வலிக்கான மருந்தே போதும். கடுமையாக இருந்தால் டாக்டர்கள் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு தருகிறார்கள். உயிருக்கு ஆபத்தான மிகச் சில நிலைகளைத் தவிர, எச்.ஐ.வி மாத்திரையை நிறுத்துவதில்லை. காசநோய் மருந்தையும் நிறுத்துவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'ஓ, இது ஐரிஸ்தான்' என்று வீட்டிலேயே முடிவு செய்யவும் கூடாது. ஐரிஸைக் காட்டிக்கொடுக்கும் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அது மருந்து ஒவ்வாமையா, காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காத வகையா, வேறு புதுத் தொற்றா என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் டாக்டர் அந்த முடிவுக்கு வருவார். முக்கியமாக, விடாத தலைவலி, தொடர் வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், வலிப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகிய எது வந்தாலும் அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்படின்னா, கொஞ்சம் தள்ளித் தொடங்கலாமே?

நியாயமான கேள்வி. காசநோயை முதலில் முழுசாக அடக்கிவிட்டு, அப்புறம் எச்.ஐ.வி மாத்திரை தொடங்கினால் இந்த வம்பே வராதே?

கம்போடியாவில் 661 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவுகள் வெளியாயின. எல்லோருக்கும் காசநோயும் எச்.ஐ.வி-யும் இருந்தது, சிடி4 மிக மிகக் குறைவு. ஒரு பாதிப் பேருக்குக் காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் எச்.ஐ.வி மாத்திரை. மறு பாதிக்கு எட்டு வாரம் கழித்து. சீக்கிரம் தொடங்கியவர்களிடம் ஐரிஸ் இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம் வந்தது. ஆனால் இறந்தவர்கள் குறைவு: சீக்கிரம் தொடங்கியவர்களில் 18 சதவீதம், தாமதித்தவர்களில் 27 சதவீதம். காய்ச்சலுக்கும் நெறிக்கும் பயந்து காத்திருந்தால், காத்திருக்கும் வாரங்களிலேயே உயிர் போய்விடுகிறது என்பதுதான் அந்த முடிவு சொன்னது. காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி சிகிச்சையையும் தொடங்கலாம் என்பது இன்றைய உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

மூளை விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். மண்டை ஓட்டுக்குள் வீக்கம் வந்தால் அது விரிய இடம் கிடையாது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பூஞ்சை மூளைக்காய்ச்சல் இருந்த 177 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஓரிரு வாரத்தில் எச்.ஐ.வி மாத்திரை தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். ஐந்து வாரம் கழித்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். அதனால் அந்த நோயில் நான்கு முதல் ஆறு வாரம் தள்ளித் தொடங்குகிறார்கள். காசநோய் மூளையைத் தாக்கியிருந்தாலும் தாமதிப்பதே வழக்கம்.

சிடி4 200-க்குக் கீழே இருப்பவரிடம் டாக்டர் உடனே மாத்திரையை நீட்டாமல், இருமல் உண்டா, எடை குறைந்ததா, தலைவலி உண்டா என்று துருவித் துருவிக் கேட்பதும், கூடுதலாக ரத்தம், சிறுநீர், சளி பரிசோதனைக்கு அனுப்புவதும் இதற்காகத்தான். அது அலைக்கழிப்பு இல்லை. பதுங்கியிருப்பதை முன்னாடியே கண்டுபிடிக்கும் வேலை.

ஒரு சிறு தகவல்: காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களின் ரத்தத்தில் டோலுடெக்ராவிர் அளவு குறைந்துவிடும். அவர்களுக்கு 12 மணி நேரம் கழித்துக் கூடுதலாக ஒரு டோலுடெக்ராவிர் மாத்திரை தருவார்கள். 'ரெண்டு மாத்திரை குடுத்திருக்காங்க, நோய் முத்திப்போச்சு போல' என்று கலங்கத் தேவையில்லை.

சிலருக்கு சிடி4 ஏறாமலே நின்றுவிடுவது ஏன்?

மாத்திரையை ஒரு நாள் விடாமல் போடுகிறார். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. ஆனால் சிடி4 இரண்டு வருடமாக 200, 220 என்றே நகராமல் இருக்கிறது. இப்படியும் ஒரு பிரிவினர் உண்டு. எந்த அளவுகோலை வைத்து எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து 100-க்கு 15 முதல் 30 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

தவறு அவர்களுடையது அல்ல. மிகக் குறைந்த சிடி4-ல் தொடங்கியது, வயது, வருடக்கணக்கான அழற்சியால் நிணநீர்க் கணுக்களில் தழும்பு விழுந்து அணுக்கள் வளர இடமில்லாமல் போவது, கூடவே கல்லீரல் அழற்சி போன்ற வேறு தொற்று இருப்பது என்று காரணங்கள் பல.

மருந்தை மாற்றினால் ஏறுமா? வைரஸ் அடங்கியிருக்கும்போது மாத்திரையை மாற்றுவதோ இன்னொன்றைச் சேர்ப்பதோ சிடி4-ஐ உயர்த்துவதாக நிரூபணமாகவில்லை. சிடி4-ஐ மட்டும் ஏற்றும் ஊசியையும் முயன்று பார்த்துவிட்டார்கள். இன்டர்லூக்கின்-2 என்ற மருந்து. இரண்டு பெரிய ஆய்வுகளில் 5,800-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 2009-ல் வந்த முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. ஊசி போட்டவர்களுக்கு சிடி4 நன்றாகவே ஏறியது. ஆனால் நோயும் மரணமும் குறையவில்லை. எண்ணிக்கை கூடினால் போதாது, அந்த அணுக்கள் வேலை செய்யவும் வேண்டும் என்பது அப்போது தெளிவானது.

ஊசிக்கே இந்தக் கதி என்றால், 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பவுடர், லேகியம், டானிக் பற்றி என்ன சொல்ல? நல்ல சாப்பாடு உடம்புக்குத் தேவை, அதில் சந்தேகமில்லை. அது மாத்திரையின் இடத்துக்கு வரும்போதுதான் ஆபத்து. 2000-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க அரசு எச்.ஐ.வி மருந்துகளைச் சந்தேகித்து விநியோகத்தைத் தாமதித்தது. அதன் சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். அந்தத் தாமதத்தில் 3.3 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டனர்.

சிடி4 ஏறாமல் நிற்பவர்களுக்கும் மாத்திரை பலன் தருகிறது. வைரஸ் அடங்கி, சிடி4 200-ல் இருப்பவரின் நிலை, வைரஸ் பெருகிக்கொண்டு சிடி4 200-ல் இருப்பவரின் நிலையைவிட எவ்வளவோ மேல். தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் கூடுதல் காலம் தொடர்வது, காசநோய் அறிகுறிகளை அடிக்கடி பார்ப்பது ஆகியவைதான் இவர்களுக்கான கூடுதல் கவனம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

போன முறை 420, இந்த முறை 370. ராத்திரி தூக்கம் போய்விடும். ஆனால் சிடி4 என்பது ஒரே மனிதருக்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும் எண். சளி, காய்ச்சல், தூக்கமின்மை, ஸ்டீராய்டு மருந்து, ஏன், பரிசோதனைக் கூடம் மாறினால்கூட மாறும். நூற்றுக்கு 20, 30 சதவீத வித்தியாசம் இயல்பானதே. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மூன்று, நான்கு ரிப்போர்ட்களை வரிசையாக வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது வைரல் லோடுதான். சிகிச்சை தொடங்கிய ஆறாவது மாதம், பிறகு பன்னிரண்டாவது மாதம், அதன் பிறகு வருடம் ஒருமுறை என்பது இந்தியாவில் பின்பற்றும் முறை. அது தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவு மூலம் துணைவருக்குத் தொற்று பரவாது என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. இதற்கு அடித்தளமிட்டு, 2011-ல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வில் சென்னையில் உள்ள தம்பதிகளும் பங்கேற்றனர்.

வைரல் லோடு கூடியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, மாத்திரை விட்டுப்போனதா என்பது. இரண்டாவது, கூட வேறு என்ன எடுக்கிறீர்கள் என்பது. வயிற்று எரிச்சலுக்கு எடுக்கும் ஆன்டாசிட், வெறும் வயிற்றில் சேர்த்துப் போடும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை டோலுடெக்ராவிரை உடம்பு உறிஞ்சவிடாமல் செய்யும். ஆன்டாசிட் எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ எச்.ஐ.வி மாத்திரையைப் போட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் சிக்கல் இல்லை. கர்ப்பிணிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

'200-க்குக் கீழே போனால் வாங்க' என்ற காலம்

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். அன்று கொடுக்க மருந்தே இல்லை. இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை மத்திய அரசு தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல். முதலில் தொடங்கப்பட்ட எட்டு மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

அப்போதெல்லாம் நோய் முற்றியவர்களுக்கும் சிடி4 200-க்குக் கீழே போனவர்களுக்கும்தான் மாத்திரை. மருந்து குறைவு, செலவு அதிகம், பக்க விளைவும் கூடுதல். தெம்பாக இருந்தவர்களிடம் 'இன்னும் நேரம் வரல' என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. உலக சுகாதார அமைப்பு 2010-ல் இந்த வரம்பை 350-க்கும், 2013-ல் 500-க்கும் உயர்த்தியது.

வரம்பே வேண்டாம் என்று முடிவெடுக்க வைத்தது 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு. எல்லோருக்கும் சிடி4 500-க்கு மேல். பாதிப் பேருக்கு உடனே மாத்திரை, மீதிப் பேருக்கு 350-க்கு இறங்கும் வரை காத்திருப்பு. 2015-ல் வந்த முடிவில், உடனே தொடங்கியவர்களிடம் கடுமையான நோய்களும் மரணமும் சேர்ந்து 57 சதவீதம் குறைவாக இருந்தன. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பு 'எல்லோருக்கும் சிகிச்சை' என்றது. இந்தியா 2017-ல் ஏற்றது.

ஆக இன்று விதி தடுக்கவில்லை. ஆனாலும் உலக அளவில் சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முற்றிய நிலையில்தான் வருகிறார். பயம், வெட்கம், 'எனக்கெல்லாம் எப்படி வரும்' என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றன. அந்தத் தாமதத்தின் விலை 80-ல் தொடங்கி 200-க்கு ஏறும் அந்த ஒரு வருடம். ஐரிஸும், மற்ற தொற்றுகளும் அதிகம் தாக்கும் வருடம் அதுதான்.

சிடி4 ஏறிவிட்டது, இனி மாத்திரையை நிறுத்தலாமா?

இதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 33 நாடுகளில் 5,472 பேர் பங்கேற்ற ஆய்வு. சிடி4 350-ஐத் தாண்டியதும் ஒரு பிரிவினருக்கு மருந்தை நிறுத்தி, 250-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் தொடங்குவது என்பது திட்டம். தொடர்ந்து மருந்து எடுத்தவர்களைவிட, விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவால் வரும் நோய் அல்லது மரணத்தின் ஆபத்து 2.6 மடங்கு. இதைக் கண்டதும் 2006-ல் மருந்து நிறுத்துவதைக் கைவிட்டார்கள்.

காரணம், மாத்திரை வைரஸை அடக்குகிறதே தவிர அழிப்பதில்லை. சில அணுக்களுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும். மருந்து நின்றால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே ரத்தத்தில் திரும்பிவிடும். பல மாதம் சேர்த்த சிடி4 அதைவிட வேகமாகக் கரையும். ஹெபடைடிஸ்-பி-யும் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. இதே மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் கட்டி வைத்திருப்பவை. திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பலாம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள்? தயங்காமல் அதே ஏ.ஆர்.டி மையத்துக்குத் திரும்பலாம். 'திட்டுவாங்க' என்று பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் சிடி4-ல் கழிகிறது. எத்தனை நாள் விட்டது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்பத் தொடங்கும் முன் சிடி4, காசநோய் அறிகுறி எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார்கள். ஏனென்றால் அவர்களுக்கும் ஐரிஸ் வரலாம்.

எச்.ஐ.வி பரிசோதனை தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம். சிகிச்சை, சிடி4, வைரல் லோடு பரிசோதனைகளும் அரசு ஏ.ஆர்.டி மையங்கள் வழியாக இலவசமே. ஒருவரின் எச்.ஐ.வி நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடை செய்கிறது. அருகில் எந்த மையம் இருக்கிறது என்பதை 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.